பழைய எஞ்சினின் தாகமும் புதிய எஞ்சினின் விரதமும்

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் கடற்கரை ஊர்களில் படகு எஞ்சின் ஒன்று கைமாறும் காலத்தில், அது குடிக்கும் எரிபொருளைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு கூற்றுகள் ஒரே வாயிலிருந்து பிறப்பதையும், அவ்விரண்டையும் சொல்பவர் முழு நம்பிக்கையோடு சொல்வதையும் கூர்ந்து நோக்குவோர் காணலாம். பழைய எஞ்சினை விற்பதற்காக மணலில் நிற்கும்போது, "மோந்து பார்த்தே ஓடும் அண்ணாச்சி" என்று வாங்க வந்தவரிடம் உறுதி கூறுகிறவர், புதிய எஞ்சினுக்கு நகை கேட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், அதே எஞ்சின் "பாடு முழுக்கக் குடிச்சே அழிச்சிட்டு" என்று மனைவியிடம் முறையிடுகிறார். பாடு என்பது ஒரு நாளைய மீன்பிடி வரவைக் குறிக்கும் கடற்கரை வழக்கு. வாசலுக்கு வெளியே விரதமிருந்த எஞ்சின், வாசற்படியைத் தாண்டியவுடன் மிடாக்குடியாக மாறும் இந்த விந்தையை ஆராய்ந்து, அவ்விரு கூற்றுகளுக்கும் இடையே உண்மை எத்தனை லிட்டர் என்பதைக் கணக்கிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெளிப்பொருத்தும் எஞ்சின் எனப்படுவது, படகின் உட்புறத்தில் நிலையாக அமர்த்தப்படாமல், பின்பலகையில் இரண்டு திருகுப்பிடிகளால் கவ்வவைக்கப்பட்டு, வேண்டும்போது கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகத்தக்கதாகும். மேலே மூடிக்குள் சிலிண்டர்களும் கார்புரேட்டரும் அமைந்த தலைப்பகுதி, நடுவே புகையும் குளிர்விக்கும் நீரும் போய்வரும் கால், அடியில் பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் கியர்பெட்டி, அதன் முடிவில் நீரைத் தள்ளும் விசிறி என நான்கு பகுதிகளைக் கொண்ட இதில், சிறு படகுகளுக்குரிய 9.9 குதிரைத்திறன் எஞ்சின் ஏறத்தாழ 40 கிலோ எடையுடையது. திருட்டுக்கு அஞ்சி ஒவ்வொரு மாலையும் வீடு வந்து சேர்ந்து, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு அது இரவைக் கழிப்பதால், எரிபொருள் எங்கோ ஒழுகுகிறது என்ற செய்தி மெக்கானிக்குக்குத் தெரியும் முன்பே வீட்டுப் பெண்களின் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

இவ்வகை எஞ்சினை வணிகப் பொருளாக்கியவர்களுள் தலையாயவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட் ஆவார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவர ஏரியில் துடுப்புப் போட்டுச் சென்று, அது உருகிப்போனதைக் கண்டு நொந்ததன் விளைவாகவே இந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1909-ஆம் ஆண்டில் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட அவருடைய எஞ்சின் விற்பனைக்கு வந்ததும், அந்தக் காதலியே மனைவியாகித் துடுப்புகளைத் தூக்கி எறியுமாறு உலகுக்கு அறிவுறுத்தும் விளம்பரத்தை எழுதியதும் பதிவான செய்திகள். தமிழ்க் கடற்கரையில் எஞ்சினை ஏற்றுக்கொண்டவர்கள் இந்த அறிவுரையை மட்டும் ஏற்கவில்லை. எஞ்சின் எவ்வளவு புதியதாக இருந்தாலும் துடுப்பு ஒன்று படகில் கிடக்கவே செய்கிறது. எவின்ரூட் பெயர் தாங்கிய எஞ்சின்களின் உற்பத்தி 2020-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதையும், துடுப்பு உற்பத்தி இன்றுவரை எவராலும் நிறுத்தப்படாததையும் ஒப்பிட்டால், யாருடைய தொலைநோக்கு பெரிது என்பது விளங்கும்.

எஞ்சின் ஏன் விற்கப்படுகிறது என்ற வினாவுக்குக் கடற்கரையில் அங்கீகரிக்கப்பட்ட விடைகள் மூன்றே உள்ளன. பெரிய எஞ்சின் எடுக்கப்போவதாகச் சொல்வது முதலாவது; மகன் வெளிநாடு போய்விட்டதால் தொழிலுக்கு ஆளில்லை என்பது இரண்டாவது; பங்குதாரர் கணக்கை முடிக்கச் சொல்கிறார் என்பது மூன்றாவது. எஞ்சின் நன்றாக ஓடவில்லை என்ற காரணத்துக்காக எவரும் எஞ்சினை விற்றதாகச் செவிவழிச் செய்தி கூடக் கிடையாது. விற்பனைக்கு உகந்த காலம் எது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடைமுறையில் இருக்கும் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கே உரியதாகையால், அக்காலத்தில் நாட்டுப்படகுகள் தடையின்றிக் கடலுக்குச் செல்ல, மீன் வரத்துக் குறைந்து ஏலத்தில் விலை ஏறுகிறது. ஆகவே ஓடக்கூடிய எஞ்சினை மே மாதத்தில் விற்க முன்வருகிறவர் ஒன்று துறவியாக இருக்க வேண்டும், அல்லது அந்த எஞ்சின் ஓடக்கூடியதாக இருக்கக் கூடாது என்பது வாங்குவோரிடையே நிலவும் ஆய்வு முடிவாகும்.

விற்பனைக்கு முந்திய சடங்குகளில் முதன்மையானது பெயிண்ட் அடித்தல். உப்புக்காற்றில் அலுமினிய உடல் கொப்பளித்து உரிந்திருக்கும் இடங்களில் உப்புத்தாள் தேய்த்து, அசல் நிறத்துக்கு அண்மையானதென்று கடைக்காரர் உறுதியளித்த நிறத்தைப் பூசியதும், எஞ்சின் பத்தாண்டு இளமையையும் ஓரளவு சந்தேகத்தையும் ஒருங்கே பெறுகிறது. அடுத்தது ஸ்டிக்கர். சில நாடுகளின் நீர்நிலைகளில் பத்துக் குதிரைத்திறனுக்குக் கீழ்ப்பட்ட எஞ்சின்களுக்குச் சலுகைகள் இருந்தமையால் 9.9 என்ற விசித்திர எண் தோன்றியது. பல நிறுவனங்களில் 9.9-க்கும் 15-க்கும் சிலிண்டர் உடல் ஒன்றே, கார்புரேட்டர் முதலிய சில உறுப்புகளே வேறு. உடல் ஒன்றாக இருப்பதால் மூடியின்மேல் 15 என்று எழுதிய ஸ்டிக்கரை ஒட்டியவுடன், தீனியோ இலாயமோ இல்லாமல் ஐந்து குதிரைகள் புதிதாக வந்து சேர்ந்துவிடுகின்றன. கவ்வுபிடியின் பக்கவாட்டில் அடிக்கப்பட்டிருக்கும் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் படித்துப் பார்ப்பவரிடம் மட்டும் அந்த ஐந்தும் பிடிபட்டு ஓடிப்போகின்றன. வரிசை எண் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக இருப்பின், வாங்குபவரும் ஓடிவிடுவது நலம்.

வாங்குவோரின் ஆய்வுமுறை இதற்குச் சற்றும் குறைந்ததன்று. சூடான எஞ்சின் எளிதில் இயங்கிவிடும்; பழுதுள்ள எஞ்சினின் குணம் அது குளிர்ந்திருக்கும்போதுதான் வெளிப்படும் என்பதால், விற்பவர் விடியற்காலையில் டிரம் நீரில் காலை அமிழ்த்தி எஞ்சினை ஓட்டி வைத்திருப்பதும், வாங்குபவர் வந்தவுடன் வணக்கம் சொல்லும் முன்பாக மூடியைத் திறந்து உள்ளங்கையைச் சிலிண்டர்மேல் வைத்துப் பார்ப்பதும் இருதரப்பு மரபுகளாம். இக்கட்டுரையாளர் காற்பங்கு உரிமையோடு உடனிருந்த விற்பனை ஒன்றில், வாங்க வந்த பெரியவர் அவ்வாறு கைவைத்துப் பார்த்து, எதுவும் பேசாமல் மணலில் துண்டை விரித்து அமர்ந்து, "டீ சொல்லுப்பா, அதுவும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். எஞ்சின் ஆறும்வரை அவர் அருந்திய தேநீருக்கும் வடைக்குமான செலவு, மரபுப்படி விற்பவர் கணக்கில் சேர்ந்தது. ஆறியபின் இழுத்ததில், "ஒரே இழுப்புல ஸ்டார்ட்" என்று விளம்பரப்படுத்தப்பட்டிருந்த எஞ்சின் ஐந்தாவது இழுப்பில் இசைந்தது. முந்தைய நான்கும் கயிற்றைச் சரிபார்த்தவை என்று தரகர் விளக்கினார்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அனைவர் கண்களும் அதன் பின்புறத்தில் பீறிடும் மெல்லிய நீர்த்தாரையில் பதிகின்றன. கடல்நீரை உறிஞ்சிச் சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டுக் குளிர்விக்கும் இந்த ஏற்பாட்டில், நீரை மேலேற்றுவது கியர்பெட்டிக்கு மேலுள்ள சிறு ரப்பர்ச் சக்கரம். மணல் கலந்த கரையோர நீரில் அது தேய்ந்துபோனால் தாரை மெலிந்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கியர்பெட்டியின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது எண்ணெயை விரலில் ஏந்திப் பார்க்கிறார்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் சீல் பழுதாகி உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். பின்னர் பிளக்கைக் கழற்றி அழுத்தமானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கிறார்கள்; இரண்டுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், ஒரு சிலிண்டர் உழைக்க மற்றொன்று உடன் செல்கிறது என்று அறியலாம். பங்குத்தொழிலில் பழகியவர்களுக்கு இந்நிலை புதிதன்று. எஞ்சின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மட்டும் எந்தக் கருவியாலும் அளக்க இயலாது. சிறு எஞ்சின்களில் மணிக்கணக்கு காட்டும் மானி பொதுவாக இருப்பதில்லையாதலால், "ஞாயித்துக்கிழமை ஓடுனதே இல்ல" என்ற வாக்குமூலத்தைக் கொண்டு எஞ்சிய ஆறு நாட்களை ஊகிக்க வேண்டியுள்ளது.

விலைபேசும் கட்டம் மாட்டுச் சந்தையை ஒத்தது: துண்டுக்குள் விரல் பிடிப்பதில்லையே தவிர, பல்லைப் பார்ப்பதும், சுழியைக் குறைசொல்வதும், போவதுபோல் போய்த் திரும்பி வருவதும் அப்படியே நிகழ்கின்றன. இக்கட்டத்தில்தான் "எவ்வளவு குடிக்கும்?" என்ற வினா எழுகிறது. "ஒரு கேன் போட்டா போயிட்டு வந்துரலாம்" என்பது அதற்குரிய நிலையான விடை. கேன் எத்தனை லிட்டர், போவது எங்கே, காற்று எத்திசை, வலை எத்தனை கிலோ, திரும்பி வந்தது எஞ்சினாலா அடுத்த படகு கட்டி இழுத்ததாலா என்ற துணைவினாக்களுக்கு இவ்விடையில் இடமில்லை. எனினும் இருதரப்பும் நிறைவடைந்து தலையசைப்பதால், இது அளவியலைச் சேர்ந்த கூற்று அன்று, நல்லெண்ணத்தைச் சேர்ந்த கூற்று என்று வகைப்படுத்துவதே பொருந்தும்.

அளவியலின்படி பழைய எஞ்சின் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதை அறிய, அதன் வயிற்றுக்குள் நோக்க வேண்டும். பழைய எஞ்சின்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் வகையின. அதாவது, பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், புகை வெளியேற்றல் ஆகிய நான்கு வேலைகளும் முடிந்தாக வேண்டும். அவசரத்தில், புகை வெளியேறும் துவாரமும் புதிய எரிபொருள் நுழையும் துவாரமும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருப்பதால், உள்ளே வந்த எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடுகிறது. கார்புரேட்டர் பொருத்திய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இவ்வாறு வீணாவது நான்கில் ஒரு பங்குக்கு மேலும் செல்லும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. நான்கு லிட்டர் வாங்கி, ஒரு லிட்டரைக் கடலில் மீன்களுக்குத் தானமாக ஊற்றிவிட்டு, மூன்று லிட்டரில் அந்த மீன்களைப் பிடிக்கப் போவதற்கு இது சமம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் விதித்த மாசு வரம்பு, அந்நாட்டில் இவ்வகை எஞ்சின்களின் காலத்தை முடித்துவைத்தது.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோ, அதே நான்கு வேலைகளுக்கும் தனித்தனியே பிஸ்டனின் நான்கு நகர்வுகளை ஒதுக்கி, வால்வுகளை முறையாகத் திறந்து மூடுவதால் இக்கசிவைப் பெரிதும் தவிர்க்கிறது. மூன்றாவது வேட்பாளர், தமிழ்நாட்டுக் கடற்கரையில் நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழல ஓடும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெறுவதற்கு டூ ஸ்ட்ரோக் ஏறத்தாழ அரை லிட்டரும், ஃபோர் ஸ்ட்ரோக் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டரும், டீசல் ஏறத்தாழ கால் லிட்டரும் கேட்கின்றன. சிக்கனத்தில் டீசலே வெல்கிறது. ஆனால் அதன் ஓசை, படகிலிருப்போர் கரையேறிய பின்பும் வீட்டில் கத்திப் பேசும்படி செய்துவிடுவதால், சேமித்த எரிபொருளின் ஒரு பகுதி குடும்ப அமைதிக் கணக்கில் கழிக்கப்பட வேண்டியதாகிறது.

மேற்கண்ட விகிதத்தைக் கொண்டு ஒரு கணக்கு போடலாம். பத்துக் குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு டூ ஸ்ட்ரோக்கில் 5 லிட்டரும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் மூன்றரை லிட்டரும் எரிப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 4 மணி நேரம் வீதம் 200 நாள் தொழிலுக்குப் போகிறவர் ஆண்டுக்கு 1,200 லிட்டர் மிச்சம் பிடிக்கிறார். பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் இது 1,20,000 ரூபாய். எரிபொருளோடு ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்க வேண்டிய டூ ஸ்ட்ரோக் எண்ணெய் மட்டும் அந்த 800 மணி நேரத்துக்கு 80 லிட்டர் ஆக, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு நூறு மணிக்கொரு முறை சுமார் ஒரு லிட்டர் வீதம் எண்ணெய் மாற்ற 8 லிட்டர் போதும். இத்துணைத் தெளிவான கணக்குக்குப் பிறகும் பழைய வகையையே பலர் நாடுவதற்குக் காரணம் மண்ணெண்ணெய். அழுத்தம் குறைத்து வடிவமைக்கப்பட்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பெட்ரோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவல்லவை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குப் பொதுவாக அந்த உணவு ஒவ்வாது. நாட்டுப்படகுகளுக்கு ஆண்டுதோறும் மானிய விலையில் வழங்கப்பட்ட 3,400 லிட்டர் மண்ணெண்ணெய் 3,700 லிட்டராக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் எண்ணெயை அதிகம் குடிக்கும் எஞ்சின், விலை கூடிய எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும் எஞ்சினை இவ்வாறு பட்டியலில் வென்றுவிடுகிறது; மானிய எண்ணெய் தீர்ந்துபோகும் மாதத்தில் அந்தப் பட்டியலை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

புதியதைத் தேர்ந்தெடுக்கும் காலத்தில் ஆலோசனை கூறுவோரின் முடிவுகளை முன்கூட்டியே அறிந்துகொள்ள எளிய வழி உண்டு: ஒவ்வொருவரும் தம்மிடம் இருக்கும் எஞ்சினையே பரிந்துரைப்பர், அதனால் மிகவும் துன்பப்பட்டவர், துணைக்கு ஆள் தேடும் நோக்கில், இன்னும் அழுத்தமாகப் பரிந்துரைப்பர். மைத்துனர் எடையைப் பற்றிக் கவலைப்படுவார்; ஒரே திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் சில கிலோ கூடுதலாக இருக்கும் என்பதும், அதைத் தினமும் தோளில் ஏற்றப்போவது தாமே என்பதும் அவருக்குத் தெரியும். மெக்கானிக் மட்டும் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார். கேட்கத்தக்க கேள்வி அதுவே. உப்புநீரில் மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்ட எஞ்சினுக்கு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற புள்ளிவிவரம் எவ்வகையிலும் உதவாது.

எந்த ஆலோசகரும் குறிப்பிடாத பொருள் ஒன்று உண்டு. அது எஞ்சினின் கைப்பிடியும் அதைப் பற்றியிருக்கும் கையும் ஆகும். நீரின்மேல் எழும்பிச் சறுக்காமல் நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு, வேகம் கூடக்கூடத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் முப்படியாகப் பெருகுகிறது. ஆகவே வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவையான திறன் பாதியாகச் சரிகிறது. பயணம் ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணியாக நீண்டாலும், அதே தூரத்துக்கான எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சுகிறது. டூ ஸ்ட்ரோக்கை விற்று ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதால் கிடைக்கும் சேமிப்பும் ஏறத்தாழ இவ்வளவே என்பது கவனிக்கத்தக்கது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகு தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்ளும் எல்லை சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த எல்லையை நெருங்கியபின் கைப்பிடியை மேலும் திருகுவதால் அதிகரிப்பவை ஓசை, அலை, கடன் ஆகிய மூன்றே. நுனி மடங்கிய விசிறியும், எஞ்சினுக்குப் பொருந்தாத புரி இடைவெளியும் இக்கணக்கில் தம் பங்கைச் சத்தமின்றி எடுத்துக்கொள்கின்றன. புரி இடைவெளி என்பது விசிறி ஒருமுறை சுழலும்போது, நழுவல் இல்லையென்றால், முன்னேறக்கூடிய தூரம். விசிறியின் மேல் அங்குலக் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும் இந்த எண்ணைப் படிப்போர், மூடியின் ஸ்டிக்கரைப் படிப்போரில் மிகச் சிலரே.

இவ்வளவுக்கும் பிறகு சிக்கனமான புதிய எஞ்சின் வீடு வந்து சேர்ந்தால் நிகழ்வதும் ஆய்வுக்குரியது. ஓசை குறைவாக இருப்பதால் வேகமும் குறைவாக இருப்பதாகச் செவி தீர்மானித்து, கை கூடுதலாகத் திருகுகிறது. அத்துடன், "இதுதான் குடிக்காதே" என்ற துணிச்சலில் முன்பு போகாத தூரத்துக்கும் படகு போகிறது. பழைய எஞ்சினை வாங்கியவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தால், அவரை முந்தியாக வேண்டிய சமூகக் கடமையும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் எரிபொருள் செலவு பழைய இடத்திலேயே நிற்கிறது. அப்போது, மோந்து பார்த்தே ஓடும் எஞ்சினை விற்றுவிட்டோமே என்ற வருத்தம் மணலில் பேசப்படுகிறது; வீட்டுக்குள், நகை எப்போது மீட்கப்படும் என்ற வினா மட்டும் பேசப்படுகிறது.

ஆகவே எஞ்சினின் தாகத்தில் பாதி அதன் பிறவிக்குணம், மறுபாதி அதை ஓட்டுபவரின் மணிக்கட்டில் உள்ளது என்பதே இவ்வாய்வின் முடிபு. எஞ்சினை விற்க எண்ணுவோர், கேனில் அளவுக்கோடு ஒன்றைக் கிழித்து, ஒரே வழியில் ஒரு வாரம் சென்றுவந்து, எத்தனை மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைக் குறித்து வாங்குபவரிடம் காட்டுவார்களாயின், தேநீர்ச் செலவாவது மிஞ்சும். வாங்க எண்ணுவோர், திறன் எண்ணை மூடியில் தேடாமல் கவ்வுபிடியில் தேட வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்கும் ஊரைக் கேட்ட பிறகே விலையைக் கேட்க வேண்டும். எதையும் விற்கவோ வாங்கவோ முடிவு செய்யாதவர்கள், பழைய எஞ்சினின் கைப்பிடியை முக்கால் திருகோடு நிறுத்தி ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முன்பணமும் வேண்டாம், தரகும் வேண்டாம், வீட்டில் நகையும் கேட்க வேண்டாம்.